அலஸ்தோட்டத்தில் ஒரு வேலித்தூணை மாற்றிய அனுபவம்

கொங்கிரீட் போட்டு நட்ட இரும்புத் தூண் வளைந்து போனால், யார் வந்து என்ன சொன்னாலும் அதை நிலமட்டத்தில் வெட்ட விடாதீர்கள். வளைந்து, பார்க்க அசிங்கமாக நின்றாலும் பரவாயில்லை, அப்படியே நிற்கட்டும். மண்ணுக்குள் இருக்கிற கொங்கிரீட் கட்டியை வெளியே எடுக்க நமக்குக் கிடைக்கிற ஒரே கைப்பிடி அந்தப் பைப்தான். இதை எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நல்ல காசு மிச்சம், அம்மாவின் தோட்டமும் மிச்சம். கணவர் கட்டாரில், வீட்டில் நானும் அம்மாவும் பிள்ளைகளும்தான். இந்த மாதிரி வேலைக்கு யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்டால் நியாயம் என்று ஒன்றும் தெரியாமல் தனியே அலைந்து பட்டது இது. என்னைப் போல இருக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வளவு திருகோணமலை அலஸ்தோட்டத்தில், நிலாவெளி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. முன்பக்கம் மதில். மற்றப் பக்கங்களில் ஐந்தடி உயர வலைக்கம்பி வேலி, இரண்டு அங்குல ஜி.ஐ. பைப்தான் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) தூண். பக்கத்துக் காணியில் வீடு கட்டுகிறார்கள். அங்கே மணல் பறிக்க வந்த டிப்பர் பின்னுக்கு எடுக்கும்போது எங்கள் வேலியில் இடித்து, ஒரு தூண் வளவுக்குள்ளே சரிந்து விட்டது. வலை தொய்ந்து போனது. டிரைவர் தம்பி இறங்கி வந்து, "அக்கா, சின்ன வளைவுதானே, தட்டி நிமித்தினாச் சரி" என்று சொல்லி 5,000 ரூபாவைக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பதற்றத்தில் 5,000 பெரிய காசாகத்தான் தெரிந்தது. உங்கள் வேலியில் வாகனம் இடித்தால் முதலில் வாகன இலக்கம் தெரியும்படி படம் எடுங்கள். பிறகு தூணின் அடியில் உட்கார்ந்து பாருங்கள். கொங்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் இடையில் வெடிப்பு விட்டிருக்கிறதா, இரண்டு பக்கத்துத் தூண்களும் இழுபட்டிருக்கின்றனவா, வலையின் கண்கள் விரிந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் காசைப் பற்றிக் கதைக்க வேண்டும். மேசன் ஒருவர் வந்து பார்த்துக் கணக்குச் சொல்லும் வரை முழுத்தீர்வாக எதையும் வாங்காதீர்கள். தட்டி நிமிர்த்துவதும் சரிவராது. பைப் வளைந்த இடத்தில் குழாய் சப்பளிந்து, மேலே பூசியிருக்கிற துத்தநாகம் வெடித்திருக்கும். திரும்ப நிமிர்த்தினால் அதே இடத்தில் இரும்பு இன்னும் களைத்துப் போகும்.

அடுத்ததாக வந்தவர் வெல்டிங் வேலை செய்கிறவர். பெயர் வேண்டாம். "நிலத்தோட வெட்டிப் போட்டு, புதுப் பைப்பை மேல வச்சு ஒட்டினா முடிஞ்சுது அக்கா. கொங்கிரீட்டைக் கிளப்பினா உங்களுக்குத்தான் வீண் செலவு" என்றார். கேட்க நியாயமாக இருந்தது. பைப், கூலி எல்லாமாக 9,500 ரூபா. ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்தது. வெட்டி, ஒட்டி, வெள்ளிப் பெயின்ட் அடித்து விட்டார். பக்கத்துத் தூண்களை விட அதுதான் பளபளவென்று நின்றது. கிரைண்டரில் தீப்பொறி பறந்தபோது எனக்குப் பெரிய பயம். அடுத்த வளவுக்காரர் கிடுகு வேலிதான் வைத்திருக்கிறார், அதுவும் காய்ந்து கிடந்த நேரம். அம்மா வாளியில் தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றார். கச்சான் காற்று அடிக்கிற வறண்ட மாதங்களில் யாராவது உங்கள் வளவில் கிரைண்டர் பிடித்தால் தண்ணீர் வாளியும் நனைத்த சாக்கும் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, ஜி.ஐ. பைப்பை ஒட்டும்போது வெள்ளைப் புகை வரும். அது துத்தநாகம் எரிந்து வருகிற புகை. அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரலாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஒட்டுகிறவரும் மூட்டில் இருக்கிற துத்தநாகத்தை உரசி எடுத்துவிட்டு, புகை தன் முகத்துக்கு வராதபடி காற்று போகிற பக்கம் பார்த்துத்தான் ஒட்ட வேண்டும்.

அந்தத் தூண் நிற்கவில்லை. ஒரு இரவு காற்று பலமாக அடித்தது. காலையில் பார்த்தால் தூண் வலையோடு சேர்ந்து நிலத்தில் படுத்திருந்தது. ஒட்டின இடத்துக்குச் சற்றுக் கீழே, பழைய பைப்பிலேயே உடைந்திருந்தது. குனிந்து அந்த முறிவைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. வெளியே நல்ல பைப் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே கறள் அடுக்கடுக்காக உரிந்து கிடந்தது. ஒரு பக்கச் சுவர் மட்டும்தான் இரும்பாக இருந்தது. மற்றப் பக்கத்தை நகத்தால் சுரண்டினால் பொருக்காகக் கையோடு வந்தது. குழாய்க்குள்ளே ஈரச் சேறு. மேலே மூடி இல்லாததால் வருடக்கணக்காக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கித் தங்கியிருக்கிறது.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கொங்கிரீட்டுக்குள் இருக்கிற இரும்பு உடனே கறள் பிடிக்காது. சீமெந்தின் காரத்தன்மை இரும்பைச் சுற்றி ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கிறது. மேலே காற்றில் நிற்கிற பகுதியும் மழை பெய்தால் கழுவிக் காய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், கொங்கிரீட் முடிந்து காற்று தொடங்குகிற அந்த நாலு விரல் இடம்தான் எப்போதும் ஈரமாகவும் காற்றுப் பட்டபடியும் இருக்கிறது. எங்கள் ஊரில் கடல் உப்பும் சேர்ந்துகொள்கிறது. உப்பில் இருக்கிற குளோரைட் அந்தப் படலத்தை உடைத்துவிடும். கொங்கிரீட்டின் மேற்பக்கம் கிண்ணம் மாதிரிக் குழிந்து தண்ணீர் தேங்கினால் சொல்லத் தேவையில்லை. அதாவது தூணில் முதலில் சாகிற இடம் நிலமட்டம்தான். சரியாக அதே இடத்தில் வெட்டி, வெல்டிங் சூட்டில் மிச்சமிருந்த துத்தநாகத்தையும் எரித்து, அதன் மேல் புதுப் பைப்பை நிறுத்தினால் அது எவ்வளவு காலம் நிற்கும்? அவர் கெட்ட நோக்கத்தோடு செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் காசு போனது போனதுதான். திரும்பக் கேட்டதற்கு, "காத்துக்கு நான் என்ன செய்ய அக்கா" என்று சொல்லிவிட்டார்.

வேலி விழுந்து கிடந்த காலத்தில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட மனமில்லை. திருகோணமலை என்றால் நகருக்குள் புள்ளிமான் திரிகிற ஊர் என்று வெளியூர்க்காரர் ஆசையாகச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் திரிவது கட்டாக்காலி மாடு. இடைவெளி ஒன்று கண்டால் போதும், இரவில் கூட்டமாக வரும். அம்மா கத்தரியும் மிளகாயும் போட்டிருந்தார். கிணற்றடியில் நாலைந்து வாழை. கிடுகு, பழைய கதவு, முள்ளுக்கம்பி என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைத்து அடைத்துப் பார்த்தோம். ஒரு காலையில் எழும்பிப் பார்த்தால் கத்தரிப் பாத்தி முழுக்க மிதிபட்டு, வாழைக் குருத்துகள் கடிபட்டுக் கிடந்தன. அம்மா ஒன்றும் பேசாமல் பாத்தியடியில் போய் நின்றுவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தூண் என்று பார்த்தால் ஒன்றுதான். ஆனால் அது இல்லாமல் போனால் இரவு நித்திரையும் இல்லை, நாயையும் அவிழ்த்துவிட முடியாது, பிள்ளைகளை வளவில் விளையாட விடவும் பயம். அதனால் பழைய தூணைத் தொடுவதற்கு முதலே தற்காலிக அடைப்புக்கு என்ன செய்வது என்று யோசித்து வையுங்கள். உடைந்த தூணின் இரண்டு பக்கத்திலும் நல்ல பூவரசங் கதியால் இரண்டை ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு, வலையை அதில் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டால் வேலை முடியும் வரை தாக்குப் பிடிக்கும். கிடுகையும் கதவையும் விட இது எவ்வளவோ மேல்.

இனிக் கொங்கிரீட்டுக்கு வருவோம். இதற்கு மூன்று வழி இருக்கிறது. முதலாவது, பழைய கட்டியை அப்படியே மண்ணுக்குள் விட்டுவிட்டு, வேலி ஓடுகிற அதே கோட்டில் ஓரடி, ஒன்றரை அடி தள்ளிப் புதுக் கிடங்கு வெட்டுவது. வலைக்கம்பி வேலிக்குத் தூண்கள் சரி சமமான இடைவெளியில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இடம் இருந்தால் இதுதான் மிகச் சுலபம். கண்ணை மூடிக்கொண்டு இதையே செய்யுங்கள் என்பேன். பழைய பைப்பின் அடியை மட்டும் மண்ணுக்குக் கீழே போகும்படி வெட்டி மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது காலைக் கிழித்துக்கொள்வார்கள். இரண்டாவது, மண்ணுக்குள் இருக்கிற பைப் நல்ல நிலையில் இருந்தால் அதற்குள் சிறிய பைப்பை இறக்குவது. இரண்டு அங்குல ஜி.ஐ. பைப்பின் வெளி விட்டம் ஏறக்குறைய 60 மில்லிமீற்றர், ஒன்றரை அங்குலப் பைப்பின் வெளி விட்டம் 48 மில்லிமீற்றர். ஆகவே உள்ளே போகும். சுற்றியுள்ள இடைவெளியில் சீமெந்துக் கலவையை ஊற்றி இறுக்கலாம். மூன்றாவது, கட்டியையே வெளியே எடுத்து அதே இடத்தில் புதிதாக நடுவது.

எனக்கு முதல் வழி கிடைக்கவில்லை. தூணின் ஒரு பக்கம் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் போகிறது, மறுபக்கம் வேம்பின் பெரிய வேர். வேலியை உள்ளேயோ வெளியேயோ தள்ளி நடுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. இந்த மாவட்டத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த எத்தனையோ குடும்பங்கள் எல்லைக்கல் தேடி அலைந்ததைப் பார்த்திருக்கிறோம். அரை அடித் தகராறு கிராம சேவகர், மத்தியஸ்த சபை என்று போய் முடியும். ஒரே கோட்டில் முன்னே பின்னே தள்ளலாம், குறுக்கே ஒரு அங்குலமும் தள்ளக் கூடாது. தோண்டத் தொடங்குவதற்கு முன் பக்கத்து வளவுக்காரருக்குச் சொல்லி, அவர் பார்க்கிறபோதே நூல் கட்டிக் காட்டிவிடுங்கள். இரண்டாவது வழியும் சரிவரவில்லை. எங்கள் பைப்புக்குள் சேறும் கறளும் அடைத்துக் கிடந்ததே. அப்படி மிஞ்சியது மூன்றாவது வழி. கொங்கிரீட் உடைக்கிற மெஷினோடு வந்து உடைத்துத் தர ஒருவர் 18,000 கேட்டார். அந்த ஒரு கட்டிக்கு 18,000! மனம் கேட்கவில்லை. கூலிக்கு ஒரு தம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்களே இறங்கிவிட்டோம்.

முதலில் வலையைக் கழற்ற வேண்டும். இதில் அவசரப்படாதீர்கள். எங்கள் வேலியில் வலைக்கு மேலே முள்ளுக்கம்பி இரண்டு ஓட்டம் இருந்தது. அது இழுவையில் நிற்கிற கம்பி. அதைச் சும்மா வெட்டினால் சுருண்டு அடித்து முகத்தைக் கிழித்துவிடும். கூடுமான வரை வெட்டவே வேண்டாம், தூணில் கட்டியிருக்கிற கட்டுக்கம்பியை மட்டும் குறட்டால் முறுக்கி எடுத்தால் போதும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வெட்டப் போகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டி அடுத்த தூணில் பிடித்துவிட்டு வெட்டுங்கள். தடித்த கையுறை போடுங்கள், கண்ணுக்கும் ஏதாவது போடுங்கள். வலையையும் வெட்டத் தேவையில்லை. நடுத்தூண்களில் அது கட்டுக்கம்பியால்தான் பிடித்திருக்கும். அவிழ்த்து இரண்டு பக்கமும் விலக்கிக் கதியாலில் கட்டிவிட்டால் வேலை செய்ய இடம் கிடைக்கும்.

தோண்டும்போது எங்கள் மண்ணின் குணம் தெரிந்திருக்க வேண்டும். கடற்கரையோர மணல் காய்ந்திருந்தால் அலவாங்கால் ஒரு குத்துக் குத்த இரண்டு கை மணல் திரும்ப உள்ளே சரியும். முதல் நாள் பின்னேரமே தூணைச் சுற்றி நல்லாகத் தண்ணீர் விட்டு ஊறவைத்தால் மணல் ஒட்டி நிற்கும், கிடங்கின் கரை உடையாது. தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று மீற்றரிலிருந்து கண்ணால் கோடு பிடித்துப் பார்த்து, அந்தப் பக்கத்தை அலவாங்கால் தொடாமல் மண்வெட்டியாலும் கையாலும்தான் கிளறச் சொன்னேன். ஓரடிக்குக் கீழே குழாய் தெரிந்தது. கட்டிக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண் கூட இல்லை. மெஷினைப் போட்டு உடைத்திருந்தால் குழாயும் போயிருக்கும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

கட்டி முழுக்கத் தெரிந்த பிறகு அதைப் பார்க்கப் பார்க்க மலைப்பாக இருந்தது. ஓரடி அகலம், ஓரடி நீளம், இரண்டடி ஆழம். கொங்கிரீட் ஒரு கன மீற்றர் 2,400 கிலோ வரும். அந்தக் கணக்கில் இந்தக் கட்டி 135 கிலோவுக்குக் குறையாது. இரண்டு பேர் தூக்குகிற பாரம் இல்லை அது. பைப் முழுதாக நின்றிருந்தால் அதைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டியே கட்டியை மண்ணிலிருந்து கழற்றியிருக்கலாம். பைப்பில் சங்கிலியைச் சுற்றி, நிலத்தில் பலகை போட்டு வாகன ஜக் ஒன்றை வைத்து உயர்த்தியிருக்கலாம். பலகை இல்லாவிட்டால் ஜக் மணலுக்குள் புதைந்துவிடும். எங்களுக்குப் பிடிப்பதற்கு நாலு அங்குல உடைந்த பைப் துண்டுதான் மிஞ்சியிருந்தது, அதுவும் கறள். முதல் பந்தியில் சொன்னேனே, வெட்ட விடாதீர்கள் என்று, அது இதனால்தான்.

கூலிக்கு வந்த தம்பி கயிற்றைப் போட்டு இழுத்துக் களைத்துப் போனார். நான் அதை உள்ளேயே வைத்துச் சுத்தியலால் உடைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எதிர் வளவு மாமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "பிள்ளை, அதைத் தூக்கப் பாக்காதேங்கோ. ஒரு பக்கம் நெம்பி மண்ணைப் போடுங்கோ, மற்றப் பக்கம் நெம்பி மண்ணைப் போடுங்கோ, அது தானா மேல வரும்" என்றார். அப்படியே செய்தோம். ஒரு கல்லை முண்டாக வைத்து அலவாங்கால் கட்டியின் ஒரு பக்கத்தை நெம்ப, அது இரண்டு மூன்று அங்குலம் எழும்பும். உடனே நான் அந்த இடைவெளிக்குள் மண்ணைத் தள்ளி மிதிப்பேன். பிறகு மற்றப் பக்கம். இப்படி மாறி மாறிச் செய்யக் கிடங்கின் அடி உயர்ந்துகொண்டே வந்தது, கட்டியும் அதோடு ஏறிக்கொண்டே வந்தது. யாரும் பாரம் தூக்கவில்லை. கடைசியில் நிலமட்டத்துக்கு வந்ததும் பலகையில் உருட்டி வெளியே தள்ளினோம். அம்மா கைதட்டினார். ஒன்று மட்டும் கவனம்: நெம்பிப் பிடித்திருக்கும்போது கட்டிக்கு அடியில் கையையோ காலையோ வைக்கக் கூடாது. மண்ணை மண்வெட்டியால் அல்லது தடியால்தான் தள்ள வேண்டும்.

புதுப் பைப் வாங்குவதிலும் சில விஷயம் இருக்கிறது. ஹாட்வெயார் கடைகளில் பைப் 20 அடி நீளமாகத்தான் வரும். எங்களுக்கு ஐந்தடி மேலே, வலைக்கு மேல் முள்ளுக்கம்பிக்கு ஓரடி, மண்ணுக்குள் இரண்டடி, ஆக எட்டடி. முழுப் பைப்பில் இரண்டு தூண் வெட்டி நாலடி மிஞ்சும். வெட்டித் தருகிற கடை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் யாருக்காவது தூண் தேவையா என்று கேட்டுப் பங்கு போடலாம். நான் முழுதாக வாங்கினேன், 12,000க்கு மேல் வந்தது. ஒரே அளவுப் பைப்பிலேயே மெல்லியதும் தடித்ததும் இருக்கின்றன. விலை குறைவாகச் சொன்னால் பைப்பின் வாயைப் பார்த்துச் சுவரின் தடிப்பை ஒப்பிடுங்கள். உள்பக்கமும் துத்தநாகம் பூசியிருக்கிறதா என்றும் பாருங்கள், உள்ளே கறுப்பாக இருந்தால் எங்கள் ஊர்க் காற்றுக்கு அது வேண்டாம். நடுவதற்கு முன் நிலமட்டத்துக்கு மேலே அரை அடி, கீழே அரை அடி என்று ஓரடி நீளத்துக்குத் தார் பூசிக் காயவைத்தோம். பைப்பின் அடிப்பக்கத்தில் துளை போட்டு ஒரு கம்பித் துண்டைக் குறுக்கே செருகினோம். தூண் கொங்கிரீட்டுக்குள் சுழலாமல், மேலே இழுபடாமல் அது பிடித்திருக்கும். மேலே போடுகிற பிளாஸ்டிக் மூடி மிக மலிவு. அந்த மூடி பழைய தூணில் இருந்திருந்தால் இன்னும் பல வருடம் நின்றிருக்கும்.

நெம்பும்போது உள்ளே தள்ளிய மண்ணைத் திரும்ப அள்ளி எடுத்துப் பார்த்தால், கட்டியை எடுத்ததில் கிடங்கு இரண்டு மடங்கு அகன்றுவிட்டது. அதை முழுக்கக் கொங்கிரீட்டால் நிரப்பத் தேவையில்லை. அடியை வெட்டின பெரிய பெயின்ட் வாளி இரண்டைக் கவிழ்த்து ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, அதையே அச்சாகப் பாவித்தோம். வாளியைக் கவிழ்த்தால் அகன்ற பக்கம் கீழே இருக்கும், கட்டி எளிதில் மேலே கிளம்பாது. வாளியைச் சுற்றி அரை அடிக்கு ஒரு தடவை மண் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்கினோம். மணலுக்குத் தண்ணீர் விட்டால் தானாக அமர்ந்து இறுகும். கலவை சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, முக்கால் அங்குலச் சல்லி நாலு. இந்த அளவுக்கு 15 கிலோ சீமெந்து போதும். 50 கிலோப் பை ஒன்றை வாங்கிப் பிரித்து வைத்தால் எங்கள் ஈரக்காற்றில் மிச்சம் கட்டியாகிவிடும், ஆகையால் சில்லறையாகக் கிலோக் கணக்கில் தருகிற கடையைத் தேடுங்கள். சீமெந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள், கட்டி கட்டியாக இருந்து விரலால் நசுக்க உடையாவிட்டால் வாங்காதீர்கள். மணல் ஆற்று மணலாக இருக்க வேண்டும். "கடல் மணல் வாசலிலேயே கிடக்குதே அக்கா" என்று கூலித் தம்பி கேட்டார். அதில் இருக்கிற உப்புத்தான் இரும்பைத் தின்கிறது. கலப்பதற்குக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பல உவர், அதனால் குழாய்த் தண்ணீரைத்தான் எடுத்தோம். தண்ணீர் அதிகம் விட்டால் ஊற்றுவது சுகமாக இருக்கும், ஆனால் பலம் குறைந்துவிடும். கையில் எடுத்து உருண்டை பிடித்தால் நிற்க வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. வெறுங்கையால் பிசையாதீர்கள், சீமெந்துக் காரம் தோலைப் புண்ணாக்கிவிடும்.

தூணை நேராக நிறுத்துவதற்கு, இரண்டு பக்கத்துத் தூண்களிலும் மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல் கட்டி, புதுத் தூண் இரண்டு நூலையும் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்தோம். மற்றத் திசைக்கு ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம். இரண்டு பக்கமும் சாய்வாகத் தடி கட்டி முண்டு கொடுத்த பிறகுதான் கலவை போட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கம்பியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றுங்கள். மேலே வந்ததும் நிலத்துக்கு மேல் இரண்டு அங்குலம் உயர்த்தி, தூணிலிருந்து நாலு பக்கமும் சரிவாகக் கரண்டியால் இழுத்துவிடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் தூணடியில் தங்கக் கூடாது. இந்தச் சரிவுக்கு மேசன் கூலி தனியாக யாரும் கேட்பதில்லை, ஆனால் சொல்லாவிட்டால் யாரும் செய்வதும் இல்லை.

பிறகு பொறுமைதான். அடுத்த நாள் கல்லாகத் தெரியும், ஆனால் உள்ளே இன்னும் இறுகவில்லை. நனைத்த சாக்கைச் சுற்றி ஏழு நாளாவது காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும். அதுவரை வலையை இழுத்துக் கட்டக் கூடாது. கொங்கிரீட் முழுப் பலத்துக்கு வர 28 நாள் என்பார்கள். முள்ளுக்கம்பியை இறுக்கி இழுப்பதைக் கடைசிக்கு வைத்தோம். மாடு வருகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும், ஆனால் கதியால் நிற்கிறது, அது பிடித்துக்கொள்ளும்.

வெல்டிங்குக்குப் போன 9,500, பைப்புக்கு 12,000 சொச்சம், கூலித் தம்பிக்கு 6,000, சீமெந்து, மணல், சல்லி, மூடி, கட்டுக்கம்பி எல்லாமாக 4,000 வரை. டிரைவர் தந்த 5,000ஐக் கழித்தாலும் 26,000க்கு மேல் கையிலிருந்து போயிருக்கிறது. முதலிலேயே கட்டியோடு எடுத்து மாற்றியிருந்தால் 9,500 மிச்சம், பைப்பின் மிச்சத்தில் இன்னொரு தூணும் இருக்கிறது. கத்தரிப் பாத்தியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த இன்னொரு தூணுக்கும் இப்போது வேலை வந்துவிட்டது. வேலி முழுக்க நடந்து, ஒவ்வொரு தூணின் அடியிலும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல பைப் கணீரென்று கேட்கும், கறள் தின்றது சொத்தென்று கேட்கும். கிணற்றடிப் பக்கத்துத் தூண் ஒன்று சொத்தென்றது. கேற்றுக்குப் பக்கத்து மூலைத் தூணிலும் சந்தேகம் இருக்கிறது. மூலைத் தூண் என்றால் இரண்டு பக்க இழுவையையும் தாங்க வேண்டும், அதற்குச் சாய்வு முண்டும் சேர்த்துப் போட வேண்டும். மற்ற எல்லாத் தூணுக்கும் மூடி வாங்கிப் போட்டு, அடியில் குழிந்திருந்த இடங்களைச் சீமெந்தால் சரிவாக்கியாகிவிட்டது. ஐப்பசி மழை தொடங்கினால் எங்கள் பக்கம் நிலத்தடி நீர் ஏறி, கிடங்கு வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறும், கலவை போடவே முடியாது. கிணற்றடித் தூணை ஆவணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்று அதே தம்பிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை பைப் முழுதாக நிற்கிறது, மாமாவிடம் ஜக்கும் கேட்டாயிற்று.